நான் படிக்காத நூற்றுப் பதினெட்டு அறிக்கைகள்

நூற்றுப் பதினெட்டு மாணவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளுக்கு, அவற்றில் ஒன்றைக்கூடப் படிக்காமல் நான் மதிப்பெண் போட்டேன். பத்தொன்பது வருடமாக ஆசிரியர் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை, பின்னாலும் செய்யவில்லை. நடுவில் ஒரு முறை செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். எங்கள் துறை இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றரைக்கு வகுப்பு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடியும். காலையில் எங்காவது வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே சாப்பிட்டு, மதியம் படிக்க வருகிறவர்கள் நிறையப் பேர். மூன்றாம் ஆண்டில் இரண்டு பிரிவு. இரண்டுக்கும் சேர்த்துப் பொங்கல் விடுமுறையில் ஒரு களப்பணி கொடுத்திருந்தேன். 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்பது தலைப்பு. அவரவர் தெருவில் பத்து வீடுகளில் போய்க் கேட்க வேண்டும். கேட்டதைப் பத்துப் பக்கத்துக்கு எழுத வேண்டும். இருபது மதிப்பெண்.

கொடுக்கும்போதே ஒரு விதியும் சொல்லியிருந்தேன்.

"ஏஐய தொடவே கூடாதுன்னு நான் சொல்லல. சொன்னாலும் நீங்க கேக்கப் போறதில்ல. எழுத்துப் பிழை பாத்துக்கோங்க, பெரிய கட்டுரைய சுருக்கித் தரச் சொல்லிப் படிச்சுக்கோங்க. ஆனா எதுக்கு யூஸ் பண்ணீங்களோ, அத கடைசிப் பக்கத்துல எழுதிடணும். மறைச்சா ஜீரோ."

சொன்னபடி பெரும்பாலானவர்கள் எழுதியும் இருந்தார்கள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

அறிக்கைகள் வந்து சேர்ந்த வாரத்தில்தான் கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. ஐந்து வருடத்து ஃபைல்களை ஒழுங்கு பண்ணும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வருகைப் பதிவேடு, கூட்டக் குறிப்பு, பழைய மாணவர் சங்கத்து ஃபோட்டோ என்று எது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. மதிப்பெண் பதிவேற்றும் இணையதளம் வெள்ளிக்கிழமை மாலை மூடிவிடும். புதன்கிழமை பார்த்தால் என் மேஜையில் ஒரு கட்டுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

வணிகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு யோசனை சொன்னாள். "மேம், பேசாம ஏஐகிட்ட குடுத்துடுங்க. எதுக்கு எவ்ளோ மார்க்குன்னு நீங்க சொல்லிட்டா போதும். அதுவே போட்டுத் தரும். கமெண்ட்டும் எழுதும். நீங்க ஒரு தடவ பாத்து சைன் பண்ணா முடிஞ்சுது."

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கல்லூரிக்கு வந்து அதையேதான் செய்தேன்.

முக்கால்வாசிப் பேர் கணினியில் அடித்து, அச்செடுத்துக் கொடுத்ததோடு மெயிலிலும் அனுப்பியிருந்தார்கள். அவற்றைப் பத்துப் பத்தாக ஏற்றினேன். கையால் எழுதியவை முப்பத்துச் சொச்சம். துறை அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷினில் கட்டாக வைத்தால் அதுவே ஒவ்வொரு தாளாக இழுத்து ஸ்கேன் செய்துகொள்ளும். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பு முதல் பத்து அறிக்கைக்கு இருந்தது. இரண்டு மூன்றையாவது நானும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஃபைல் கேட்டு முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டார். திரும்பி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. ஒவ்வொருவருக்கும் மதிப்பெண், அரைப் பக்கத்துக்குக் கருத்து. அச்செடுத்து ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்தைப் போட்டு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் பதிவேற்றிவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

திங்கட்கிழமை கருத்துத் தாள்களைக் கொடுத்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. எல்லோரும் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கமாக எழுதுவது 'நன்று', 'இன்னும் விரிவாக', இல்லையென்றால் ஒரு கேள்விக்குறி. இந்த முறை அரைப் பக்கம். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மேம், நான் எழுதினத இவ்ளோ கவனமா யாருமே படிச்சதில்ல" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

அந்த வாரம் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருந்தது. எங்கள் ஷிப்ட்டில் பெற்றோர் அதிகம் வர மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வர முடியாது. அன்றைக்கு மொத்தம் ஏழெட்டுப் பேர் வந்திருந்தால் அதிகம். பன்னிரண்டு மணி வாக்கில் ஒருவர் வந்து கதவருகே நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, முழங்கை வரைக்கும் நெருப்புப் பொறி பட்டுப் பட்டு விழுந்த சின்னச் சின்னத் தழும்புகள். கூடவே என் மாணவி. சற்றுத் தள்ளி, வந்திருக்கவே கூடாது என்பதைப்போல நின்றிருந்தாள்.

"மேடம், பொழிச்சலூர்லருந்து வரேன். அங்க கிரில் பட்டறை வெச்சிகீறேன். இது எம் பொண்ணு" என்றபடி உட்கார்ந்தார். கையிலிருந்த உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் கையெழுத்து போட்ட கருத்துத் தாள். அதை லேமினேட் செய்திருந்தார்.

தாளின் அடியில் இருந்த என் கையெழுத்தையே பார்த்தேன்.

"இதுல எழுதிகீறீங்க. 'உங்களிடம் ஓர் ஆய்வாளரின் பார்வை இருக்கிறது. மேற்படிப்பில் இதைத் தொடர வேண்டும்.' இது படிச்சிக் காட்டிச்சி. நான் நாலு தடவ படிக்கச் சொன்னேன்." அவர் விரல் அந்த வரியின் அடியிலேயே நின்றது. "இதுக்கு சிறுசேரில ஒரு கம்பெனில வேல கெடச்சிகீது மேடம். லெட்டரே வந்துட்ச்சி. ஜூன்ல சேரணும். இப்ப இதப் பாத்துட்டு எம்.ஏ. படிக்கிறேங்குது. நான் வேணாங்கல. படிக்கட்டும். ஆனா எனக்குப் படிப்பு வாசன அவ்ளோவா கெடையாது. அதான் நேர்லயே கேட்டுகினு போலாம்னு வந்தேன். இது எல்லாருக்கும் சும்மா எழுதறதா, இல்ல எம் பொண்ணுக்குன்னு எழுதினதா?"

மாணவி, "அத்தா, போதும்" என்றாள் மெதுவாக.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குத்தலாகக் கேட்கவில்லை. ஒரு கதவுக்கு எத்தனை கிலோ கம்பி வேண்டும் என்று கேட்பதைப்போலத்தான் கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"உங்க பொண்ணுக்குன்னு எழுதினதுதான்" என்றேன்.

சொன்ன அந்த நிமிடமே அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்தது. அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வரிகூடத் தெரியாது. அவள் ஒரு வேலையை விடப் போகிறாள். எந்த வாக்கியத்தை நம்பி விடப்போகிறாளோ அதை நான் எழுதவும் இல்லை, அது உண்மையா என்று பார்க்கவும் இல்லை.

"வேல விஷயத்துல முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் குடுங்க" என்றேன். "திங்கக்கிழமை நானே உங்களுக்கு ஃபோன் பண்றேன்."

அவருக்கு அது புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மரியாதைக்கு "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு நம்பரை எழுதிக் கொடுத்துப் போனார். லேமினேட் செய்த தாளை மறக்காமல் எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று துறை அலமாரியிலிருந்து இரண்டு கட்டுகளையும், கருத்துத் தாள்களின் நகல்களையும் எடுத்துக்கொண்டேன். தோளில் ஒன்று, கையில் ஒன்று. அஸ்தினாபுரத்துக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது மடிமேல் அவ்வளவு பாரம். வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் இறக்கி வைத்தேன். பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் அவை அப்படியே இருந்தன. நான் இரண்டாவது காபியும் குடித்து முடித்திருந்தேன்.

மீன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய என் கணவர் நின்றார். "என்ன, நேத்துலருந்து அதையே பாத்துட்டு இருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"சரி, எடுத்துப் படியேன்."

"நல்லா இல்லாம இருந்துட்டா?"

"இருந்தா இல்லன்னு சொல்லணும். அதுக்குன்னு படிக்காமயே இருக்கப் போறியா?"

அவர் போய்க் கதவைச் சாத்திய பிறகு, கட்டுக்குள் தேடி அந்த அறிக்கையை உருவினேன். படிக்கப் பயமாக இருந்தது. பரீட்சை முடிவு பார்க்கிற பயம்தான் அது, ஆனால் எழுதியவள் நான் இல்லை.

முதல் நான்கு பக்கம் படித்து முடித்ததும் மனசு உட்கார்ந்துவிட்டது. 'தண்ணீர் மனித வாழ்வின் அடிப்படைத் தேவையாகும்' என்று தொடக்கம். பிறகு ஓர் அட்டவணை. போர்வெல் எத்தனை வீடு, லாரி எத்தனை வீடு, கேன் எத்தனை வீடு. சரியாகத்தான் இருந்தது, ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. மெஷினின் கருத்துத் தாள் இந்த அட்டவணையைத்தான் ஒரு பத்தி முழுக்கப் பாராட்டியிருந்தது.

ஐந்தாம் பக்கத்தில் அவள் அட்டவணையை விட்டுவிட்டாள். பத்து வீட்டிலும் அதே மூன்று பதில்கள் வந்து சலித்துப்போய், தானாகவே இன்னொரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். மோட்டர் சுவிட்சை யார் போடுகிறார்கள்? அதற்குப் பிறகு அறிக்கை வேறு மாதிரி ஆகிவிட்டது. பத்தில் எட்டு வீட்டில் மோட்டர் போட்டு அணைப்பது பெண்கள்தான், அந்த வீட்டு ஆண்களில் சிலருக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஓர் அம்மா, தொட்டி நிரம்பும் நேரம் பழகிப்போய், சீரியலில் இரண்டாவது விளம்பரம் வந்ததும் எழுந்து போய் அணைக்கிறார். ஒரு வீட்டில் துபாயில் இருக்கும் மகன் ஃபோனிலேயே மோட்டரைப் போடுகிறார். தொட்டி நிரம்பி வழிந்தால் கீழ் வீட்டுக்காரம்மா வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகத் திட்டி அனுப்புகிறார். துபாயில் அது போய்ச் சேர்ந்ததும் பொழிச்சலூரில் தண்ணீர் நிற்கிறது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'நான் கேட்டது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. எல்லோரும் சொன்னது அதற்காக யார் எத்தனை தடவை எழுந்து போகிறார்கள் என்று. தலைப்பை மாற்ற அனுமதி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, மன்னிக்கவும்.'

முந்தைய நாளிலிருந்து நெஞ்சில் இருந்த கனம் இறங்கியது. அவளுடைய அத்தாவிடம் நான் சொன்னது பொய்தான், ஆனால் அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை தாளில் இருந்த வாக்கியம் நிஜமாக இருந்துவிட்டது. யார் செய்த புண்ணியமோ. பிறகு கருத்துத் தாளின் நகலை எடுத்து மறுபடி பார்த்தேன். மூன்றாவது வரி: 'ஐந்தாம் பக்கத்துக்குப் பிறகு அறிக்கை தலைப்பிலிருந்து விலகுகிறது.' அதற்காக இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தது. மொத்தம் பதினேழு. அவளைப் பாராட்டியது சரி. எதற்குப் பாராட்ட வேண்டுமோ அதற்குக் குறைத்திருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. அடுத்ததை எடுத்தேன், அதற்கு அடுத்ததை எடுத்தேன். குரோம்பேட்டையிலிருந்து வரும் ஒரு பையனுக்குப் பத்தொன்பது போட்டிருந்தது. அவன் தெருவில் காவிரியிலிருந்து கால்வாய் வெட்டிப் பாசனம் நடக்கிறது என்று எழுதியிருந்தான். குரோம்பேட்டையில். கடைசிப் பக்கத்தில் ஏஐ பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு பெண், பெருங்களத்தூர் பக்கம், உண்மையிலேயே பத்து வீடு ஏறி இறங்கியிருந்தாள். வாக்கியங்கள் கோணல்மாணலாக இருந்ததால் பதினொன்றுதான் கிடைத்திருந்தது.

மீன் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் மாடம்பாக்கத்து அறிக்கை கைக்கு வந்தது. எழுதியவர் மற்றவர்களைவிட நாலைந்து வயது பெரியவர். நடுவில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தவர். காலையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேலை. நீல மையில், நெருக்கி நெருக்கிக் கையால் எழுதியிருந்தார். மதிப்பெண் ஒன்பது. கருத்துத் தாளில், 'புற்றுநோய் குறித்த கூற்றுகளுக்கு எந்த ஆதாரமும் தரப்படவில்லை. முடிவுரை இல்லை' என்று இருந்தது.

புற்றுநோயா? நான் முதலிலிருந்து படித்தேன். நான்காம் பக்கத்தில் கிடைத்தது. 'கேன் சரியா வராத நாளில்' என்று எழுதியிருந்தார். எழுத்து நெருக்கத்தில் 'கேன்சர்' ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கேன் வந்த இடமெல்லாம் அது நோயாகவே படித்துக்கொண்டு போயிருக்கிறது. முடிவுரையும் இருந்தது. கடைசி மூன்று தாளை ஜெராக்ஸ் மெஷின் அதற்கு முந்தைய தாளோடு சேர்த்து இழுத்துவிட்டிருக்கிறது, அவை ஸ்கேனில் ஏறவே இல்லை.

அந்த மூன்று தாளில்தான் எல்லாம் இருந்தது. அவர் நாற்பத்தாறு வீட்டுக்குக் கேன் போடுகிறார். எந்த வீடு பிரசவத்துக்கு மகள் வந்ததும் வாரத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து கேனுக்கு மாறியது, எந்த வீட்டில் வேலை போனதும் கேனை நிறுத்திவிட்டுப் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் கையால் வரைந்த ஒரு வரைபடம். எந்தத் தெருவில் போர் தண்ணீர் எப்போது உப்பானதோ, அதைச் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். பதினாறு தெரு. என்னுடைய ஆசிரியர் வாழ்க்கையில் இளங்கலை மாணவர் ஒருவர் இப்படி ஒரு வரைபடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் வந்து ஏன் கேட்கவில்லை? அதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் துறைத் தலைவரைப் பார்த்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருக்கு மார்க் மாறும்?"

"ராத்திரி முழுக்க உக்காந்து அறுபத்தேழு படிச்சிருக்கேன் சார். அதுல இருபத்திரெண்டு பேருக்கு மாறுது."

"கூட்டல் தப்புன்னு ஒரு லெட்டர் குடுங்க. சைட்ட திரும்பத் திறந்து விடுவாங்க."

"கூட்டல் தப்பு இல்லயே சார்."

"உண்மைய எழுதினா மெமோ வரும்."

"வரட்டும் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "எழுதுங்க. ரெக்கமண்ட் பண்ணி நானும் கையெழுத்து போடுறேன்" என்றார். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் நானே கொண்டுபோனேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மீதி எத்தன இருக்கு?" என்று கேட்டார். ஐம்பத்தொன்று என்றேன். "முடிச்சிட்டு வாங்க. அடுத்த திங்கள் வரைக்கும் திறந்து வைக்கச் சொல்றேன்" என்றார். மெமோ இரண்டு நாள் கழித்து வந்தது. நான்கே வரி. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். அதுவும் நான்கு வரிதான்.

அதே திங்கட்கிழமை, வகுப்புக்குப் போகும் முன் பொழிச்சலூர்ப் பெண்ணை வராந்தாவில் நிறுத்திச் சொன்னேன். கருத்துத் தாளை எழுதியது நான் இல்லை, அவளுடைய அத்தா கேட்டபோது நான் அதைப் படித்திருக்கவே இல்லை என்று.

அவள் முகம் சுருங்கியது. "அப்ப அந்த ஆய்வாளர் பார்வை…"

"அது மெஷின் எழுதினது. ஆனா நான் நேத்து படிச்சேன், ரெண்டு தடவ. மெஷினுக்கு உன் ரிப்போர்ட்ல நல்ல பகுதியே பிடிக்கல. அதுக்கு ரெண்டு மார்க் கொறைச்சிருக்கு."

"எந்தப் பகுதி மேம்?"

"துபாய் மோட்டர்."

அவள் சிரித்துவிட்டாள். "அத எடுத்துடலாமான்னு கடைசி வரைக்கும் யோசிச்சேன் மேம்."

"நல்லவேள எடுக்கல. எம்.ஏ.வுக்கு அப்ளிகேஷன் போடு. இது நான் சொல்றேன்."

வகுப்பில் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் அறிக்கைகளை நான் படிக்கவில்லை, மெஷினிடம் கொடுத்தேன், அது எழுதியதில் என் கையெழுத்தைப் போட்டேன், இப்போது ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், மதிப்பெண் மாறும். பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மேம், அப்ப கடைசிப் பக்கத்துல நீங்க எழுதலயே?"

"எழுதல."

"மறைச்சா ஜீரோன்னீங்க."

"ஜீரோதான்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஏளனம் இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். அது இல்லை. ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், எனக்கும் கேட்கும்படியே, "மச்சான், அதுவே எழுதி அதுவே திருத்திக்கிச்சுன்னா நாம எதுக்குடா நடுவுல பஸ் ஏறி வரோம்" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மணி அடித்ததும் குரோம்பேட்டைப் பையன் ஓடி வந்தான். "மேம், என்னோடது மட்டும் படிக்க வேணாம். ரெண்டு நாள்ல வேற எழுதித் தந்துடறேன்."

"படிச்சிட்டேன். உங்க தெருவுல காவிரி ஓடுது."

அவன் தலையைச் சொறிந்தான். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தான், ஆறு பக்கம்தான். அதில் லாரிக்காரரோடு அவனுடைய அம்மா போட்ட சண்டை இருந்தது. பதிமூன்று போட்டேன். தாமதத்துக்குக் குறைத்ததுபோகத்தான் அது.

மாடம்பாக்கத்துக்காரர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். நானே அவரிடம் போனேன். "கேன்சர்னு எழுதியிருந்ததப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேம்."

"ஏன் வந்து கேக்கல?"

"நாம அப்படி எழுதலயேன்னு தேடிப் பாத்தேன். இல்ல. சரி, நம்ம கையெழுத்து அந்த லட்சணத்துல இருக்கும்போலன்னு விட்டுட்டேன்." பையை மாட்டிக்கொண்டார். "மேம் படிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது. அவருக்குப் பத்தொன்பது போட்டிருப்பதாகச் சொன்னேன். கொஞ்சம் நின்று, "அந்த மேப்ப ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா மேம்? எங்க ஓனர் புது ஆள் சேத்திருக்காரு, அவருக்குத் தெரு காட்டணும்" என்று கேட்டார். கூடவே போய் நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரே தாள்தான், மெஷின் ஒழுங்காக இழுத்தது.

மாலை பொழிச்சலூருக்கு ஃபோன் செய்தேன். பட்டறையில் கம்பி அறுக்கிற சத்தம் பின்னால் கேட்டது. அவர் வெளியே வந்து பேசினார். முழுவதும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு நான் கேக்கும்போது நீங்க படிக்கல."

"படிக்கல. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"இப்ப படிச்சிட்டீங்க."

"ரெண்டு தடவ படிச்சேன்."

"இப்ப இன்னா சொல்றீங்க?"

"அதேதான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் கூடவே சொல்லுவேன். ஆனா வேல வேணுமா படிப்பு வேணுமான்னு அவதான் முடிவு பண்ணணும்."

அறுப்பதை நிறுத்தச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பிறகு, "நீங்க சொல்லாமயே வுட்ருந்தா எங்களுக்கு இன்னா தெரியப் போவுது. சொன்னீங்க பாருங்க, அது போதும்" என்றார். வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது, "அந்த லேமினேஷன் வீணாப் போச்சு மேடம். கையால ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். மறுநாளே எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கமெல்லாம் வரவில்லை, ஏழு வரிதான் வந்தது.

மீதி ஐம்பத்தொன்றை அந்த வாரத்தில் முடித்தேன். வகுப்புக்கு முன்னால் காலியாக இருந்த நூலகத்தில் தினம் பத்து. முடிவில் முப்பத்தெட்டு பேருக்கு மதிப்பெண் மாறியது, பாதிப் பேருக்கு மேலே, பாதிப் பேருக்குக் கீழே. கீழே போனவர்களில் இருவர்தான் சண்டைக்கு வந்தார்கள். எதற்குக் குறைத்தேன் என்று பக்கத்தைத் திறந்து காட்ட முடிந்தது. அப்படிக் காட்ட முடிந்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இப்போதும் ஏஐயை நான் ஒதுக்கிவிடவில்லை. வினாத்தாளுக்கு மாதிரிக் கேள்விகள் கேட்பேன், சுற்றறிக்கை எழுதச் சொல்வேன். மாணவர்களிடம் பத்துப் பக்கம் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். மூன்று பக்கம், பிறகு என்னோடு உட்கார்ந்து பத்து நிமிடப் பேச்சு. எந்த வீட்டில் கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க என்று இரண்டு கேள்வி கேட்டால், போனவர்களுக்கு வாய் மூடாது. போகாதவர்கள் மேலே விசிறியைப் பார்ப்பார்கள். அவர்களிடம், போய்விட்டு வாங்க, அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.

அந்தப் பெண் சிறுசேரி வேலைக்கு வர முடியாது என்று எழுதிவிட்டு எம்.ஏ. சேர்ந்தாள். ஜூலை கடைசியில் அவளுடைய அத்தா ஃபோன் செய்தார். அவளோடு தேர்வான பிள்ளைகள் யாரையும் கம்பெனி இன்னும் கூப்பிடவில்லையாம். சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

"இது பாட்டுக்குக் காலேஜி போய்கினு கீது மேடம்" என்றார். "எங்க தெருவுல இப்ப யாரப் பாத்தாலும் கேள்வி கேக்குது. போன வாரம் வந்து, பட்டறைல ஒரு நாளைக்கு எத்தன தடவ கரண்ட் போவுதுன்னு என்னையே கேட்டுச்சி."

எத்தனை தடவை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் எண்ணிப் பார்த்ததே இல்லையாம். அன்றிலிருந்து எண்ணுகிறாராம்.